படத்தில் இல்லாத வரி

போன வாரம் என் மகள் முகம் டி.வி.யில் வந்ததோடு நிறுத்தினேன். அதற்கு முன்னால் நடந்தது தெரியாதவர்களுக்கு நாலு வார்த்தை.

என் பெயர் ராஜவேலு. திருத்தணி பக்கம் கே.ஜி.கண்டிகையில் கரும்பு வெட்டி, மூட்டை தூக்கி, இரண்டு பிள்ளைகளை வளர்த்தவன். பெரியவன் அரசு. போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதி, ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாம் தேறிவிட்டான். மேலே கேஸ் ஏதும் இல்லை என்று பார்க்கிற வெரிஃபிகேஷன் மட்டும் பாக்கி. சின்னவள் மோனிகா. கபடி ஆடுகிறாள். இருபத்திரண்டு வயதில் இந்தியா கேம்ப்புக்குப் பேர் வந்துவிட்டது.

பேர் வந்த நாலாம் நாள், ஏழு வருடத்துக்கு முன்னால் அவள் ஃபேஸ்புக்கில் எழுதிய ஒன்றை யாரோ தோண்டி எடுத்துப் படம் பிடித்துப் போட்டார்கள். எழுதியபோது அவளுக்குப் பதினைந்து வயது. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்து ஜனங்களைக் கேவலப்படுத்திவிட்டாள் என்று ஒரே கூச்சல். கபடிச் சங்கம் அவள் பேரை நிறுத்தி வைத்தது. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். தராவிட்டால் பேரை அடித்துவிடுவார்களாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததைத்தான் இப்போது சொல்கிறேன்.

எனக்கு அன்று காலை வரைக்கும் பயமே இல்லை. பதினைந்து வயதில் நான் பேசின பேச்சை எவனாவது எழுதி வைத்திருந்தால் எனக்குச் சந்திராவைக் கட்டிக் கொடுத்திருக்கவே மாட்டார்கள். நாங்கள் வாயால் பேசினோம். அதோடு போயிற்று. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதையே போனில் எழுதுகிறார்கள். போன் கம்பெனிக்காரன் பத்திரமாக வைத்திருந்து, பிள்ளைக்கு நல்ல காலம் வருகிற நாள் பார்த்து எடுத்துக் கொடுக்கிறான். சின்னப் பிள்ளை பேச்சுக்கு வயசு வந்தபின் தண்டனையா? இதை வீட்டிலும் சொன்னேன், டீக்கடையிலும் சொன்னேன்.

அவள் என்ன எழுதினாள் என்று மட்டும் எனக்குத் தெரியாது. தமிழைத்தான் எழுதியிருந்தாள், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். நான் மூன்றாம் வகுப்பு. தமிழ் எழுத்தையே கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். டி.வி.காரனும் அந்த இடம் வந்ததும் 'பீப்' என்று ஒரு சத்தம் போட்டு மூடிவிட்டான். மோனிகாவைக் கேட்டதற்கு, "கிண்டல் பண்ணிட்டேன் நைனா" என்றாள். கிண்டல்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

காலை எட்டு மணிக்கு வரதராஜன் மாஸ்டர் பைக்கில் வந்து இறங்கினார். மோனிகாவுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து கபடி சொல்லிக் கொடுத்தவர். நல்லவர் என்று ஊர் சொல்லும். நான் இன்னும் முடிவு பண்ணவில்லை. ஆர்.கே.பேட்டையில் இன்னொரு பெண்ணையும் அவர்தான் தயார் பண்ணுகிறார். என் பெண் பேர் போனால் அந்தப் பெண் பேர் வரும்.

"இன்னா மாஸ்டர், கையில பேப்பரு?"

"லெட்டர்ணே. நானே எழுதிக்கினு வந்துட்டேன். கையெழுத்துதான் பாக்கி."

"யாரு கையெழுத்து?"

மாஸ்டர் என்னைப் பார்க்காமல் அரசுவைப் பார்த்தார். "அந்த ஃபேஸ்புக்கு அரசு நம்பர்லதானே ஓபன் பண்ணது?"

அது நான் பண்ணின வேலை. மோனிகாவுக்குப் போன் வாங்கியபோது கடைக்காரன் அவள் ஆதாரைக் கேட்டான். நான் கொடுக்கவில்லை. வயசுக்கு வந்த பெண் பேரில் நம்பர் வாங்கினால் முதல் போன் கடைக்காரனே போடுவான் என்று எனக்குத் தெரியும். அரசு ஆதாரைக் கொடுத்து அவன் பேரில் வாங்கினேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பெண் பிள்ளைகள் பேசுகிற நம்பரெல்லாம் அண்ணன் தம்பி பேரில்தான் இருக்கும்.

"அரசு எழுதினான்னு சொல்லிட்டா முடிஞ்சுதுணே" என்றார் மாஸ்டர். "தங்கச்சி தோத்துட்ட கோவத்துல அண்ணன் எழுதிட்டான். பாப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது. சங்கத்துல இப்படி ஒரு பேப்பர் வந்தா போதும்னு கீறாங்க. அவங்களுக்கும் பாப்பா வேணும்."

"இவனுக்கு வெரிஃபிகேஷன் கீது, தெரியுமா உனுக்கு?"

"கேஸெல்லாம் ஆவாதுணே."

"ஆவாதுன்னு நீ ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. உன் கையெழுத்து போட்டு."

மாஸ்டர் சிரித்தார். "இத்தினி வருசம் ஆச்சு, இன்னும் என் மேல நம்பிக்கை வரலியா?"

"உன்ன நம்பித்தான் பொண்ண அரை டவுசர் போட்டு ஆட வுட்டேன். அதுக்கு மேல எங்கிட்ட ஸ்டாக் இல்ல."

சந்திரா உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தாள். அவள் முகம் சரியில்லை. மூன்று நாளாகத் தூங்கவில்லை. "இன்னாங்க, மாஸ்டர் சொல்றதைக் காது குடுத்துத்தான் கேளுங்களேன்" என்றாள்.

அரசு எழுந்து வந்தான். "குடுங்க மாஸ்டர், போடறேன்."

அவன் பேனாவைத் தொடுவதற்குள் மோனிகா பேப்பரைப் பிடுங்கிவிட்டாள். அவள் கை வேகம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"எழுதினது யாரு? நானு. உனுக்கு இன்னாடா இதுல?"

"உனுக்கு இன்னான்னா? நம்பர் என்னுது இல்ல?"

"நம்பர்தான் உன்னுது. விரல் என்னுது."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றேன். பேப்பரை வாங்கி மடித்து மாஸ்டர் சட்டைப் பையிலேயே செருகினேன். "டீ குடிச்சிட்டுக் கிளம்பு மாஸ்டர். எம்பையன் கையெழுத்து இதுல விழாது."

நியாயம் பார்த்து அப்படிச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். மாஸ்டர் மேல் இருந்த சந்தேகத்தில் சொன்னேன். அவர் எழுதிய பேப்பரில் நாங்கள் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு அந்தப் பேப்பர் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

மாஸ்டர் பைக் சத்தம் தெருமுனை தாண்டியதும் மோனிகா செருப்பை மாட்டினாள்.

"எங்கம்மா?"

"நகரிக்கு. ஷோபனா வூட்டுக்கு."

அந்தப் பேரை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

"யாரு ஷோபனா?"

"நான் யாரைப் பத்தி எழுதினேனோ அவ. அவ டீம் கிட்டதான் அன்னிக்கு ஃபைனல்ல தோத்தோம்."

சந்திரா தலையில் கை வைத்தாள். "அடிச்சி அனுப்புவாங்கடி!"

"அடிச்சா வாங்கிக்கறேன். அதுக்கு அப்புறம் லெட்டர் எழுதறேன். அவளைப் பார்க்காம இன்னா எழுதறது நானு?"

"வீடியோ எடுத்துப் போடுவாங்க" என்றேன். "கால்ல வுழுந்தான்னு போடுவான். வுழலன்னா திமிர்னு போடுவான்."

"அப்போ நீயும் வா நைனா. போன் எடுக்கறவன் கைய நீ பிடிச்சிக்கோ."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அன்று கிருத்திகை. திருத்தணி பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை; பஸ் கிடைக்கவே மத்தியானம் ஆயிற்று. எல்லை தாண்டிப் போகிற நகரி பஸ்ஸில் ஏறியவர்களில் பாதிப் பேர் மொட்டை, தலை நிறையச் சந்தனம். மலையில் முடி கொடுத்துவிட்டு ஊர் திரும்புகிற கூட்டம். தமிழில் டிக்கெட் கேட்டு, தெலுங்கில் இடம் கேட்டு, இரண்டிலும் சண்டை போட்டார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். என் அக்காவைக் கொடுத்தது ஆந்திராவில் புத்தூர் பக்கம். அவள் மகனை மோனிகா பாவா என்று தெலுங்கில்தான் கூப்பிடுவாள். இந்த வீட்டுப் பெண் தெலுங்குக்காரர்களைக் கேவலப்படுத்தினாள் என்று டி.வி.யில் சொன்னதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

மோனிகா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முன் சீட்டில் ஒரு சின்னப் பெண், ஏழெட்டு வயதிருக்கும், மொட்டைத் தலையைத் திருப்பித் திருப்பி இவளைப் பார்த்துச் சிரித்தது. இவள் வெளியே பார்த்துக்கொண்டாள். நம் பெண்ணுக்குப் பிள்ளைகள் என்றால் உயிராயிற்றே என்று நினைத்தேன்.

நகரியில் இறங்கி, ஆட்டோ பிடித்து, மூன்று கிலோமீட்டர் உள்ளே போனோம். தெரு முழுக்கப் பவர்லூம் சத்தம். கடைசி வீட்டின் வாசலிலேயே ஒரு பெண் தறிக்கு நூல் சுற்றும் தார் மெஷினில் நூல் ஏற்றிக்கொண்டிருந்தாள். நல்ல உயரம், இடுப்பைத் தொடுகிற பின்னல். எங்களைப் பார்த்தாள். மெஷினை நிறுத்தவில்லை.

"டி.வி.ல பார்த்ததைவிட இளைச்சிட்டே" என்றாள்.

"நீ இளைக்கல" என்றாள் மோனிகா.

"நான் எங்க ஆடறேன், இளைக்கறதுக்கு."

உள்ளேயிருந்து அவள் அம்மா வந்தாள். பெயர் சுதா என்று பிறகு தெரிந்தது. நெற்றியில் பொட்டில்லை. யார் என்று தெரியாமல், "ரண்டி, கூச்சோண்டி" என்று நாற்காலியை எனக்குத் தள்ளினாள். ஷோபனா தெலுங்கில் ஒரே வார்த்தை சொன்னாள். சுதாவின் கை நாற்காலி மேலேயே நின்றுவிட்டது.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். எவன் கையிலும் போன் இல்லை. சரி, நேராகக் கேட்டுவிடுவோம் என்று கேட்டேன்.

"நீதான் புகார் குடுத்தியாம்மா?"

"நான் குடுக்கல பெரியவரே. எங்க பக்கத்துக் கபடிச் சங்கத் தலைவரு குடுத்தாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இப்ப ஞாயித்துக்கிழமை மீட்டிங்காம். எனக்கு மாலை போடறாங்களாம். நான் கப் கெலிச்ச அன்னிக்கு வராத ஆளு."

"அப்போ உனுக்குக் கோவம் இல்லன்னு சொல்லு."

"இல்லன்னு நான் சொன்னனா?"

மோனிகா தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஷோபனா, நான் எழுதினது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"எது தப்பு? சொல்லு. வாயால சொல்லு."

மோனிகா என்னைப் பார்த்தாள். "நைனா, நீ தெருமுனை வரைக்கும் போய்ட்டு வரியா?"

"போவ மாட்டேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "'மொட்ட கொல்டி கூட்டம் ஒண்ணு கப்ப திருடிக்கினு போவுது. பார்டர்ல செக் பண்ணி வுடுங்க.' அதான் எழுதினேன்."

இதுதான் அந்தப் 'பீப்'. தெலுங்குக்காரர்களை அப்படிச் சொல்வது அசிங்கமான பேச்சுதான். ஆனாலும் என் மனசு லேசாகிவிட்டது. இதற்கா இவ்வளவு? எங்கள் பக்கம் டிராக்டர் ஓட்டுகிறவனும், பஸ்ஸில் இடம் பிடிக்கிறவனும் பேசுகிற பேச்சு. பேசக்கூடாதுதான். அதற்காக ஒரு பிள்ளையின் பிழைப்பையே பறிப்பார்களா?

ஷோபனாவும் கிட்டத்தட்ட அதையே சொன்னாள்.

"அந்த வார்த்தைய நான் திருத்தணி பஸ்ல தெனம் கேக்கறேன். அதுக்கெல்லாம் அழுதா நூல் யாரு சுத்தறது? ஊரே இதைப் படம் பிடிச்சி வச்சிக்கினு கத்துது. கத்தட்டும்." நூல் ஓடிக்கொண்டே இருந்தது. "அதுக்குக் கீழ இன்னொரு வரி எழுதின. மறுநாள் நீயே அழிச்சிட்ட. அது எவன் படத்துலயும் இல்ல. அதைச் சொல்லு."

மோனிகா தரையில் கிடந்த நூல் துண்டைப் பொறுக்கினாள்.

"நான் படிச்சேன். எங்கம்மாவுக்கு இந்தத் தெருவுல ஒருத்தி படிச்சுக் காட்டினா. அதைச் சொல்ல வரலன்னா எதுக்கு வந்த?"

அவள் கையை நீட்டி மெஷினை நிறுத்தினாள். வாசல் அமைதியானது. தூரத்துத் தறிகள் மட்டும் கேட்டன.

என் மகள் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"'அப்பன் சாவறதுக்குள்ள கப் காட்டணும்னு அழுது அழுது ஆடறா. காட்டிட்டா இல்ல, இனிமே சாவட்டும்.'"

நான் தலையைத் திருப்பித் தெருவைப் பார்த்தேன்.

"அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு உனுக்கு எப்படித் தெரியும்? அதையும் சொல்லு" என்றாள் ஷோபனா.

"நீதான் சொன்ன. மேட்ச்சுக்கு முன்ன, குழாயாண்ட. வேலூர் ஆஸ்பத்திரியில கீறாரு, அதான் முடி குடுத்தேன்னு சொன்ன."

"உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். என் டீம்ல ஒருத்திக்கும் சொல்லல. நீ தண்ணி பாட்டிலு குடுத்த, அத்தொட்டு சொன்னேன்."

சுதா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தமிழில்தான் பேசினாள், மெதுவாக.

"பதினோராவது நாளு அவரு போய்ட்டாரு. அந்தப் பொண்ணு வாயி பலிச்சிப்போச்சின்னு தெருவே பேசிச்சு. இவ நம்பல. நான் நம்பினேன். நம்பிக்கினுதான் கீறேன்." மோனிகா பக்கம் திரும்பினாள். "மனசாரவா எழுதின?"

இல்லை என்று சொல் என்று நான் மனசுக்குள் கத்தினேன். எந்தத் தகப்பனும் கத்துவான். சும்மா எழுதினேன் அம்மா, விளையாட்டுக்கு எழுதினேன் என்று சொன்னால் அந்த அம்மாளுக்கும் நிம்மதி, இவளுக்கும் நிம்மதி.

"ஆமா" என்றாள் மோனிகா. "எழுதினப்போ மனசாரத்தான் எழுதினேன். கடைசி ரெய்டுல இவ என் கால பிடிச்சா, ரெண்டு பாயிண்ட்ல போச்சு. வூட்டுக்கு வந்து எது எழுதினா இவளுக்கு ரொம்ப வலிக்கும்னு யோசிச்சேன். யோசிச்சுத்தான் எழுதினேன். காலையில எழுந்து பார்த்ததும் பயந்துட்டு அழிச்சேன்."

சுதா அவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. அழுகைச் சத்தமும் கேட்கவில்லை.

ஷோபனா நூலை எடுத்து அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டாள்.

"உன்னாலதான் நான் ஆட்டத்தை விட்டேன்னு நினைச்சிக்காத. உனுக்கு அவ்ளோ மதிப்பு நான் குடுக்கல. அப்பா போனாரு, தறி நின்னுது, விட்டேன்."

"சரி."

"சரின்னா போ."

நான்தான் கெட்டவன். அப்போதும் கேட்டேன். "அம்மா, ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்தீன்னா... மன்னிச்சிட்டேன்னு. சங்கத்துல காட்டிக்குவோம்."

ஷோபனா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது; நான் சிரிக்கிற மாதிரியே இருந்தது.

"மன்னிச்சிட்டேன்னு எழுதித் தர மாட்டேன். மன்னிக்கலன்னும் எழுதித் தர மாட்டேன். ஞாயித்துக்கிழமை மாலைக்கும் போவ மாட்டேன். எம்பேரை நடுவுல நிக்க வச்சி ரெண்டு பக்கமும் பாடாதீங்க பெரியவரே."

மெஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

ஆட்டோவில் திரும்பும்போது மோனிகா என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. நகரி பஸ் ஸ்டாண்டில் ஒரு பேப்பர் கடையில் நாலு முழு வெள்ளைத் தாளும் பேனாவும் வாங்கினாள். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, தொடை மேல் என் பையை வைத்து எழுதினாள். தமிழ் எழுத்தில் எழுதினாள்.

முதல் தாளைக் கசக்கினாள். இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதை முடித்தாள்.

"படி" என்றேன்.

படித்தாள். முதல் வரியிலேயே இருந்தது: நம்பர் அண்ணன் பேரில் இருக்கிறது, எழுதியது நான். அதற்குக் கீழே கப் திருடிய வரி. அதற்கும் கீழே, எவனும் பார்க்காத அந்த இன்னொரு வரி, ஒரு எழுத்து விடாமல்.

"அது எதுக்கு?" என்றேன். "அதை எவனும் கேக்கல."

"அதானே நைனா தப்பு."

"ஒரு தப்புக்கே பேரை நிறுத்தி வச்சிக்கீறான். நீயா இன்னொண்ணு எடுத்துக் குடுத்தீன்னா கேம்ப்பு போச்சு. மொத்தமா போச்சு. பத்து வருசம் விழுந்து எழுந்ததெல்லாம் போச்சு. அந்தப் பொண்ணே எழுதச் சொல்லல."

"அவ சொல்லல. அவங்க அம்மா கேட்டாங்க."

"அவங்ககிட்டதான் சொல்லிட்ட இல்ல? அதோட விடு."

"கெலிச்சா இந்தியா சட்டை போட்டுக்கினு நிப்பேன். ஷோபனா டி.வி.ல பார்ப்பா. இந்த வரிய மறைச்சிட்டுத்தான் அங்க நிக்கறேன்னு அவளுக்கு மட்டும் தெரியும். எனக்கும் தெரியும். அப்படி நின்னா எனக்கு மூச்சு வராது நைனா. கபடில மூச்சுதானே எல்லாம்."

இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. சின்னப் பிள்ளை பேச்சுக்குத் தண்டனையா என்று நாலு நாளாக ஊரெல்லாம் கேட்டவன் நான். இப்போதும் அதைத்தான் கேட்பேன். அந்தச் சங்கத்துக்காரர்களுக்கு என் பெண்ணைத் தண்டிக்க யோக்கியதை கிடையாது. அவர்கள் தண்டிக்கப் புறப்பட்டது வேறு எதையோ. ஆனால் கேட்கிற யோக்கியதை உள்ள ஒருத்தி அந்த வாசலில் தூணைப் பிடித்து நின்றாள். அவளை நான் பார்த்துவிட்டேன்.

"கையெழுத்தைத் தெளிவா போடு" என்றேன்.

போட்டாள். தாளைப் பெஞ்சில் விரித்து போனில் படம் எடுத்து சங்க ஆபீஸ் நம்பருக்கு அனுப்பினாள். பஸ் ஸ்டாண்டு கடிகாரத்தில் மணி நாலு நாற்பது. அனுப்பிவிட்டு, "பசிக்குது நைனா" என்றாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் நினைவு வந்தது. ஆளுக்கு நாலு இட்லி சாப்பிட்டோம். நல்ல பசி அவளுக்கு. இன்னும் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கேம்ப்பு போனால் போகிறது, இவள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. சட்னி கூட நன்றாகத்தான் இருந்தது.

பஸ் திருத்தணியை நெருங்கும்போது போன் அடித்தது. சங்க ஆபீஸ். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஆங்... ஆங் சார்... அவரு எதுக்கு சார்?" பிறகு வைத்துவிட்டாள்.

"இன்னாவாம்?"

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வரச்சொல்றாங்க. அண்ணனையும் இட்டுகினு வரணுமாம்."

"அரசு எதுக்கு? நீதான் எழுதிட்டியே, நம்பர் மட்டும்தான் அவன் பேர்லன்னு."

"அதைச் சொன்னேன். ரெண்டு பேரும் வந்தே ஆவணும்னுட்டாரு."

வீட்டுக்குப் போனபோது அரசு சாப்பிட உட்கார்ந்திருந்தான். சந்திரா பரிமாறிக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முப்பது வருடமாகப் பார்க்கிற முகம். எனக்குப் புரிந்துவிட்டது.

"எப்போ போட்ட?" என்றேன்.

"நீங்க பஸ் ஏறின உடனே" என்றான். "மாஸ்டரைக் கூப்புட்டேன், வந்தாரு. மதியானமே போய்ச் சேர்ந்துட்டுது."

"நீ தடுக்கலியா?" என்று சந்திராவைக் கேட்டேன்.

"நான்தான் பேனா எடுத்துக் குடுத்தேன்" என்றாள் அவள். "ரெண்டு பிள்ளையில ஒண்ணாவது மேல வரட்டும்."

அரசு சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினான். "போலீஸ் வேலைக்கு லட்சக்கணக்குல எழுதறோம் நைனா. இந்த வருசம் இல்லன்னா அடுத்த வருசம். இந்தியாவுக்கு இந்த ஊர்லருந்து இவ ஒருத்திதான்."

மோனிகா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் போய் அவன் தட்டுக்கு முன்னால் குந்தினாள். மைதானத்தில் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளைப் பார்க்கிற பார்வை.

"நானும் அனுப்பிட்டேன். எழுதினது நான்னு. இன்னொரு வரியும் சேர்த்து."

அரசுவின் கை தட்டில் நின்றது. "இன்னா இன்னொரு வரி?"

அவள் சொன்னாள். சந்திரா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இப்போ சங்கத்து மேஜையில ரெண்டு லெட்டர் கீதுடா" என்றாள் மோனிகா. "ஒரு பாவத்துக்கு ரெண்டு பேரு கையெழுத்து. நாளைக்கு ரெண்டு பேரையும் எதிர் எதிர்ல நிக்க வச்சிக் கேப்பாங்க. அந்த வரிய நீதான் எழுதினன்னு என் மூஞ்சப் பார்த்துச் சொல்லுவியா? எங்கேயோ கீற ஒரு மனுசன் சாவட்டும்னு நீ எழுதினன்னு?"

அரசு தட்டை ஓரமாகத் தள்ளினான். சின்ன வயதிலிருந்து அவன் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

"சொல்லுவேன்" என்றான். எழுந்து கை கழுவப் போனான்.